மணியின் மாசு

மாசற்றதே மணி என்பது நம்மவர் நெடுங்காலக் கொள்கை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் மணி வீதியைக் காட்டும் இளங்கோவடிகளும், காக்கைக் கால் போன்ற கீறலும் கறையும் புள்ளியும் கோடும் நீங்கிய வயிரங்களையே பாராட்டுகிறார். இன்றும் மகளின் திருமணத்துக்குக் கல் வாங்கப் புகும் தந்தை முதலில் கேட்பது, 'தோஷம் உண்டா?' என்பதே.

அத்தோஷத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் காட்சி வேறு. கொலம்பியா நாட்டு மரகதத்தில் தூசெனத் தோன்றும் புள்ளி ஒன்று, உண்மையில் ஒரு சின்னஞ்சிறு குழி. அதனுள்ளே உப்பு நீர். நீரில் ஒரு வாயுக் குமிழ். அருகே சதுரமான ஓர் உப்புப் படிகம். கல் பிறந்த நாளில் அகப்பட்ட நீர், கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது! இலங்கை நீலக்கல்லிலோ ரூட்டைல் என்னும் கனிமத்தின் ஊசிகள் மும்முகமாய் ஓடி, பட்டு நூல்போல் மின்னுகின்றன. அவ்வூசிகள் செறிந்த கல்லைக் குவிந்த வடிவில் மெருகிட்டால், அதன்மேல் ஆறு கதிர் விண்மீன் ஒன்று எழும்.

பிரெஞ்சு வேதியியலார் வெர்னுய் 1902-ல் அறிவித்த முறைப்படி, அலுமினிய ஆக்சைடுத் தூளைச் சுடரில் உருக்கி ஆக்கும் செயற்கைக் கெம்பில் இவை எவையும் இரா. கண்ணுக்கு அது மாசற்றது. நுண்ணோக்கியில் மட்டும் வளைந்த வரிகள் தெரியும். இயற்கைக் கெம்பின் வளர்ச்சிக் கோடுகள் நேரானவை. நம் பாட்டிமாரின் சிவப்புக்கல் தோடுகள் பலவற்றில் இருப்பவை இத்தகைய கற்களே. அதனால் பாட்டியின் பெருமை குறையாது என்பது வேறு செய்தி.

ஆக, நாம் குற்றம் என ஒதுக்குவது கல்லின் பிறப்புச் சான்று. அழகின் பொருட்டு அச்சான்றை அழிக்கலாமா?

யான் பணியின் பொருட்டுக் குடியேறிய ஜெய்ப்பூரில், ஜோஹரி பஜாரைச் சூழ்ந்த தெருக்களில் மரகதம் பட்டை தீட்டுவது தலைமுறைத் தொழில். வெடிப்புள்ள மரகதத்தை எண்ணெயில் ஊறவைப்பது இத்தொழிலின் பழைய வழக்கம். எண்ணெய் வெடிப்பை நிரப்பியதும் கல் தெளிந்து தோன்றும். நீலக்கல்லைக் கடும் உலையில் சுட்டு, அதன் பட்டிழைகளைக் கரைப்பதும் உண்டு. மெருகிடுதலும் மனிதன் கைவேலைதானே என்பர் வணிகர். அவ்வாதம் வெறும் சாக்கன்று. ஆயினும் மெருகு உள்ளதை வெளிக்கொணர்கிறது. எண்ணெய் உள்ளதை மறைக்கிறது. சொல்லி விற்பவரை யான் குறைகூறேன். சொல்லாது விற்பவர் பொய்யர் என்பதில் ஐயமில்லை; ஆனால் அப்பொய்யில் பாதிப் பங்கு, மாசற்றதே வேண்டுமெனப் பிடிவாதம் செய்யும் நமக்கும் உண்டு. உண்மை சொன்ன வணிகரை விட்டு அடுத்த கடைக்கு நடப்பவர் நாமல்லவா? ஊர்விட்டு ஊர் வந்து, கடிதத்திலும் தொலைபேசியிலும் வரன் தேடும் நம் குடும்பங்களில் ஜாதகத்துக்கும் இவ்வெண்ணெய் பூசப்படுவதை யார் அறியார்?

எண்ணெயோ நிலைப்பதில்லை. சில ஆண்டுகளில் உலரும். வெந்நீரும் சோப்பும் பட்டால் இன்னும் விரைவாகவே. வெடிப்பு மீண்டும் தெரியும்போது, மோதிரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கடைப்படி ஏறி வாதாடுவோர் எல்லா ஊர்களிலும் உள்ளனர்.