நடுவிலிருந்து வாசி

நெய்க்காரப்பட்டியில் வெல்ல ஆலைக்குக் கூலிக்குப் போகிறவர் ஒருவரின் மகள். நான்காம் வகுப்பு. அப்பாவின் வாரக் கூலியில் முன்பணம் போக மீதி எவ்வளவு என்று விரல் மடக்காமல் சொல்வாள். அன்று தமிழ்ப் பாடத்தையும் கடகடவென்று வாசித்துக் காட்டினாள். “பாருங்க, நல்லாத்தானுங்க படிக்கறா” என்றார் அம்மா. பக்கத்தின் நடுவே விரலை வைத்து, இங்கிருந்து வாசி என்றேன். அந்த இடத்தையே பார்த்தாள். பிறகு உதட்டுக்குள் முதல் வரியிலிருந்து முணுமுணுத்தபடி அங்கே வந்து சேர்ந்தாள். மற்றவர்கள் வாசிக்கக் கேட்டே முழுப் பாடத்தையும் மனதில் ஏற்றி வைத்திருக்கிறாள்.

வாசிப்பதில் வரும் இத்தகைய குறைபாடான டிஸ்லெக்சியா என்றதும் பலருக்கும் 2007-இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படம்தான் நினைவுக்கு வரும். அது செய்த நன்மை பெரிது. ஆனால் அதன்பிறகு எழுத்தைத் திருப்பிப் போடும் பிள்ளையை மட்டுமே தேடுகிறோம். சிக்கல் பெரும்பாலும் கண்ணில் இல்லை. சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுத்தோடு சேர்ப்பதில் இருக்கிறது. தமிழில் ‘பட்டம்’ ‘படம்’ ஆகும், ‘தம்பி’யில் ம் விழுந்துவிடும், குறிலும் நெடிலும் இடம் மாறும். ‘கெ’ என்று சொல்லும்போது வாயில் க் முதலில் வருகிறது. நோட்டிலோ கொம்பு முந்திக்கொள்கிறது. ஒன்றாம் வகுப்பில் இதில் தடுக்காத பிள்ளை இல்லை. மூன்று, நான்கிலும் தடுக்கினால்தான் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பிழை குறைந்தாலும் வேகம் வராது. எழுத்துக் கூட்டியே காலம் போகும். கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதுகிறவள், அதையே சொல்லச் சொல்ல எழுதும்போது திணறுவாள். நோட்டு அழகாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. சேட்டை செய்யும் பையன்களாவது கண்ணில் படுகிறார்கள்.

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் வாசிக்க வராத 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதியவன். 749-ஐ 867-ஆல் மளமளவென்று சரியாகப் பெருக்கினான். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். வெல்ல ஆலைக் கணக்குச் சொல்கிறவளுக்கு மூத்த அண்ணன்!

“அவங்கப்பனும் இப்படித்தானுங்க, படிப்பு ஏறலை” என்று நம் வீடுகளில் ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கு அது முக்கியமான தடயம். இது பரம்பரையாக வரக்கூடியது.

அதற்காக மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கெல்லாம் டிஸ்லெக்சியா என்று பெயர் சூட்டுவதும் தப்பு. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். பள்ளிக்கு ஒழுங்காக வந்தாளா என்று பார்க்க வேண்டும். அதன்பிறகும் சந்தேகம் தீராவிட்டால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் கேட்கலாம். எட்டாம் வகுப்புவரை தேர்ச்சி கிடைத்துவிடுகிறது என்று விட்டுவிட்டால், பத்தாம் வகுப்பு வாசலில்தான் விஷயம் வெளியே வரும். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் கிடைக்கும்.

இதையெல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். “அந்தச் சீட்டை வாங்கிப்புட்டா, நாளைக்குக் கட்டிக்க வாரவங்களுக்கு என்னங்க சொல்றது?” என்றார்.

பிள்ளைக்கு வயது ஒன்பது.