ஏன் என்று கேட்காத உடம்பு

மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள், முதலில் தவிக்கவிடுவது கைதான் என்பார்கள். படுக்கையில் கையூன்றி எழ முடியாது. பீரோக் கதவை இழுக்க முடியாது. மிக்ஸி ஜாரை அழுத்திப் பிடிக்க முடியாது. தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பின்னல் போட முடியாது. சிலிகான் பையைப் பல நேரம் மார்புத் தசைக்கு அடியில் வைக்கிறார்கள். அதற்காக அந்தத் தசை விலாவோடு ஒட்டியிருக்கும் கீழ் ஓரத்தை அறுத்து விடுவிக்கிறார்கள். அதே தசையின் மறுமுனை மேற்கை எலும்பில் போய்ப் பிடித்திருக்கிறது. கையை அசைத்தால் உள்ளே காயம் இழுபடும். ஒரு நாளில் எத்தனை வேலையை நெஞ்சால் செய்கிறோம் என்பது அப்போதுதான் தெரியவரும்.

நம் வீடுகளில் இந்தத் தவிப்பு இன்னும் கூடுதல். பாயில் படுத்தால் எழுந்திருக்க இரண்டு கையும் வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேனைச் சாய்க்க, குக்கர் மூடியைத் திருக, ஈரத் துணியைப் பிழிய, ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்க, எல்லாவற்றுக்கும் அந்தத் தசைதான். தலைமாட்டில் தலையணைகளை அடுக்கி, பாதி சாய்ந்த நிலையில், மல்லாந்துதான் தூங்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கக் கூடாது, குப்புறப் படுப்பதை நினைக்கவே கூடாது. காலையில் கண் விழிக்கும்போது நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியது போலிருக்கும், எழுந்து நாலு நடை நடந்த பிறகே கொஞ்சம் தளரும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டியைத் தவிர வேறு எதையும் போட முடியாது. கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லித்தான் மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூட ஒருவர் இல்லாமல் முதல் இரண்டு வாரத்தைத் தள்ளுவது பெரும்பாடு. அந்த ஒருவரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்பதில்தான் மற்ற எல்லாம் இருக்கிறது.

என் சித்தி மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் இந்த சிகிச்சை செய்துகொண்டது முதலில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏன் செய்துகொண்டாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. துணைக்குத் திண்டுக்கல்லிலிருந்து வந்த சித்தியிடம், "மாருல சின்னக் கட்டிம்மா, எடுத்தாச்சு" என்று சொல்லி வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தாருக்கும் அதே பதில். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கட்டி என்றால் அனுதாபம் கிடைக்கும், ஓய்வு கிடைக்கும், வேலை செய்யாமல் படுத்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆசைப்பட்டுச் செய்துகொண்டது என்றால் இதில் எதுவும் கிடைக்காது. அவள் கணக்கு தவறில்லை. நம் ஊரை அறிந்தவள் போட்ட கணக்கு அது.

சித்தி வந்த அன்றே சமையலறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். புண் ஆறுகிறவரை கத்திரிக்காயும் கருவாடும் வீட்டுக்குள் வரக் கூடாது. விரால் மீன் கிடைக்கிறதா என்று ஆள் விட்டுத் தேடினார். வலி மாத்திரை வயிற்றைக் கட்டிவிடும் என்று யார் சொன்னார்களோ, ஊரிலிருந்தே சிறுமலைப் பழம் ஒரு சீப்பு கொண்டுவந்திருந்தார். மகளுக்கு எல்லாம் நேரத்துக்கு வந்தது. சித்தி மட்டும் சாப்பிடவில்லை. இரவில் விளக்கணைத்த பிறகும் உட்கார்ந்திருந்தார். சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். ஒரு மத்தியானம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே என்னிடம் கேட்டார்: "நீயாவது மறைக்காமச் சொல்லு. கேன்சரா?"

மாரில் கட்டி என்ற சொல் ஒரு தாய்க்குள் போய் என்ன செய்யும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. மகள் தன் வெட்கத்தை மறைக்க எடுத்த பொய், அம்மாவின் வயிற்றில் நெருப்பாக இறங்கியிருந்தது.

அன்று சாயங்காலமே அவள் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அழுதாள். சித்தி முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், உயிர் வந்த மாதிரி. அடுத்த நிமிடம் கோபம். "இதுக்கா? இதுக்கா நான் இத்தனை நாளாச் செத்துப் பொழைச்சேன்?" எவ்வளவு செலவு என்று கேட்டார். பதில் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று இரவு அந்த வீட்டில் பேச்சே இல்லை. நடுராத்திரியில் தலையணை சரிந்து, இவள் தன்னை மீறி ஒரு முனகல் விட்டாள். நான் எழுவதற்குள் சித்தி எழுந்துவிட்டார். பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்து, தோளைத் தொடாமல், மெல்லத் தூக்கி உட்காரவைத்தார். "ரொம்ப வலிக்குதாடி?" என்று கேட்டார். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அது பல நாள் இருந்தது, இடையிடையே வெடிக்கவும் செய்தது. ஆனால் அந்தக் கோபம் ஒரு வேளைச் சோற்றையும் தாமதப்படுத்தவில்லை.

சித்தி அன்றிரவு செய்ததை உடம்பு முதல் நிமிடத்திலிருந்தே செய்துகொண்டிருந்தது. கத்தி பட்ட இடத்தில் ரத்தம் உறைகிறது. வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன, நீர் கோத்து வீக்கம் எழுகிறது. சில நாளில் புதிய திசுவை நெய்யும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. உள்ளே வைத்த பை அந்நியப் பொருள் என்று உடம்புக்குத் தெரியும். அதைத் தள்ளவும் முடியாது, கரைக்கவும் முடியாது. ஆகவே சில வாரங்களில் அதைச் சுற்றி மெல்லிய நார்த் திசுவால் ஓர் உறை போர்த்திவிடுகிறது. இதயத்துக்காக வைத்த பேஸ்மேக்கருக்கும் அதே உறைதான். விபத்தில் உள்ளே போய்த் தங்கிவிட்ட கண்ணாடித் துண்டுக்கும் ஏறக்குறைய அதேதான். உயிர் பிழைக்கச் செய்ததா, அழகுக்குச் செய்ததா, அடுத்தவர் செய்ததா, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதா என்ற விசாரணை உடம்பிடம் இல்லை. சில பேருக்கு அந்த உறை பின்னாளில் இறுகி வலியும் உருமாற்றமும் தரும் என்பதும் உண்மை. அப்போதும் அது தண்டனை இல்லை, ஆறும் வேலையின் அளவு மீறிய வடிவம்.

இந்த வாரங்களில் கண்ணாடி நல்ல சேதி சொல்லாது. மார்பு கழுத்தெலும்பை நோக்கி ஏறி நிற்கும், தோல் பளபளவென்று இழுபட்டிருக்கும், இரு பக்கமும் ஒரே அளவில் வீங்காது. தசை தளர்ந்து, பை தன் இடத்துக்கு இறங்கி அமர ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை ஆகும். உள்ளே தங்கிய காற்றும் நீரும் சிலருக்குக் களக் களக்கென்று சத்தம் போடும். உடம்பு அவற்றை உறிஞ்சிக்கொண்டதும் தானே நின்றுவிடும். காம்பைச் சுற்றி மரத்துப்போகும், பிறகு நரம்பு விழிக்கும்போது மின்சாரம் தொட்டதுபோல் சுரீரென்று இழுக்கும். இது எதுவும் முன்கூட்டித் தெரியாதவளுக்கு ஒவ்வொன்றும் ஒரு பீதி. மயக்க மருந்தின் அசதியும் தூக்கமின்மையும் சேர, முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வரும். எந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வரக்கூடியதுதான். ஆனால் மற்றவர்கள் அழுதால் ஆறுதல் சொல்ல ஆள் உண்டு. இவளுக்குக் கிடைப்பது, "நீயா வரவழைச்சுக்கிட்டதுதானே?" என்ற ஒரு கேள்வி. யாரும் கேட்கவில்லை என்றாலும் அவளே தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். என் தங்கையின் வலியில் பாதி அந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றியது.

மறைத்து வைப்பதில் இன்னோர் ஆபத்து உண்டு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கிக் கல்லாக இறுகினால், உள்ளே ரத்தம் சேர்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் நேர்வது, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியது. காய்ச்சல், பரவும் சிவப்பு, தையலில் கசிவு வந்தால் கிருமி. கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இவற்றையெல்லாம் வலி மாத்திரை மயக்கத்தில் மல்லாந்து கிடப்பவள் தானே கவனித்துக்கொள்ள முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். கட்டி எடுத்தார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு எதைப் பார்ப்பது என்று எப்படித் தெரியும்?

இந்த சிகிச்சையின் வரலாறே சொல்லாமல் விட்டவற்றின் வரலாறு. 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு சிலிகான் பைகளை வைத்தார்கள். டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற அந்தப் பெண், ஆறு குழந்தைகளின் தாய், மார்பில் குத்தியிருந்த பச்சையை அகற்றிக்கொள்ளத்தான் மருத்துவமனைக்குப் போனார். மார்பைப் பெரிதாக்கும் யோசனை மருத்துவர்களுடையது. அவருக்கிருந்த குறையெல்லாம் காது துருத்திக்கொண்டிருக்கிறதே என்பதுதான், அதையும் சரிசெய்து தருவதாகச் சொன்னபின் சம்மதித்தார். பிறகு முப்பது ஆண்டு லட்சக்கணக்கான பெண்கள் போட்டுக்கொண்டபின், பாதுகாப்புக்கு ஆதாரம் போதவில்லை என்று 1992-இல் அமெரிக்க அரசு அழகுக்காக சிலிகான் ஜெல் பை வைப்பதை நிறுத்தியது, 2006-இல் திரும்ப அனுமதித்தது. 2010-இல் பிரான்ஸின் பிஐபி நிறுவனம் மருத்துவத்துக்கு ஒப்புதல் பெறாத தொழிற்சாலை சிலிகானை நிரப்பி விற்றது வெளியே வந்தது. 2019-இல் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ஒரு வகைப் பை, அரிதான ஒரு புற்றுநோயோடு தொடர்புடையது என்று உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பை வாழ்நாள் முழுவதும் தாங்கும் பொருளல்ல என்பதை கட்டமிட்ட எச்சரிக்கையாக அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்தது 2021-இல்தான். விற்றவர்கள் சொல்லத் தயங்கினார்கள், போட்டுக்கொண்டவர்கள் சொல்லக் கூசினார்கள். இரண்டு மௌனமும் சேர்ந்துதான் உண்மையை இத்தனை ஆண்டு தாமதப்படுத்தின என்று நான் நினைக்கிறேன்.

2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு சிகிச்சைக்கு இலவசப் பிரிவு தொடங்கியபோது எழுந்த சர்ச்சை நினைவிருக்கலாம். ஏழைகளுக்கு மட்டும் இது ஏன் கிடைக்கக் கூடாது, கடன் வாங்கித் தவறான இடங்களுக்குப் போக வேண்டுமா என்று அரசு கேட்டது. உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது தேவையா என்று மற்றவர்கள் கேட்டார்கள். பொதுப்பணம் பற்றிய கேள்வி நியாயமானது, அது தொடர்ந்து கேட்கப்பட வேண்டும். ஆனால் அந்தப் பேச்சினூடே இன்னொன்றும் நுழைந்துகொண்டது: யாருக்கு இது தகும் என்ற தரம் பிரிப்பு. புற்றுநோய்க்கு மார்பை இழந்தவள் என்றால் சரி. பிறவியிலேயே ஒரு பக்கம் வளராதவள் என்றால் போகட்டும். பால் கொடுத்துத் தளர்ந்தவள், தன் உடம்பைத் தன்னுடையதாக உணர விரும்பும் திருநங்கை, சும்மா ஆசைப்பட்டவள் என்று இறங்க இறங்க இரக்கமும் குறைந்துகொண்டே போகிறது. செய்வதா வேண்டாமா என்பதற்கு முன்னால் ஆயிரம் கேள்வி கேட்கலாம். அவளுடைய நலனை விரும்புகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். தையல் போட்டபின் கேட்கிற "ஏன்" அப்படிப்பட்டதல்ல. அதற்குப் பதில் கிடைத்தும் அவள் வலியில் ஒரு துளி குறையப்போவதில்லை. காயத்தைப் பார்த்துக்கொள்வதற்குக் காயம் ஒன்றே போதுமான காரணம். வேறு எந்தக் காரணத்தையும் அவள் நம்மிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. இது நமக்குத் தெரியாத தர்மமும் இல்லை. வழியில் விழுந்து கிடப்பவனைத் தூக்கிய பிறகுதானே எப்படி விழுந்தாய் என்று கேட்கிறோம்?

என் தங்கையிடம் மருத்துவமனையில் ஓர் அட்டை கொடுத்தார்கள். பையைச் செய்த நிறுவனம், அளவு, தயாரிப்பு எண் எல்லாம் அதில் இருக்கின்றன. நாளைக்கு அந்த வகையைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவிப்பு வந்தால் அந்த எண்தான் வேண்டும். பை கிழிந்து ஜெல் கசிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம் என்பதால், ஐந்தாறு ஆண்டில் ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள். அவள் அந்த அட்டையை எடுத்துச் சித்தியிடம் காட்டினாள். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, எண்ணைத் தன் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பிறகு, ஸ்கேனுக்கு எந்த வருஷம் போக வேண்டும், அப்போது கூட வருவது யார் என்று பேச்சு வந்தது. "நான்தான் வருவேன், வேற யாரு?" என்றார் சித்தி. அதற்குள் நீ ஒரு கல்யாணம் பண்ணியிருக்க வேண்டும் என்று அடுத்த வாக்கியத்திலேயே தொடங்கினார், இவள் அதற்கு மறுபேச்சு பேச, பழையபடி சண்டை ஆரம்பித்தது.