முயலுக்காக ஒரு கையெழுத்து

உங்கள் வீட்டு பால்கனியில் ஒரு வெள்ளை முயல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை அடம்பிடித்து வாங்கியது. பெயர்கூட வைத்தாகிவிட்டது. ஆறு மாதம் போனதும் கால்நடை டாக்டர் சொல்கிறார்: "பொண்ணு முயல். கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க." சொல்லிவிட்டு ஒரு படிவத்தை நீட்டுகிறார். மயக்க மருந்தில் ஏதாவது நேர்ந்தால் ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். உடம்பு முயலுடையது. சம்மதம் உங்களுடையது.

அன்று ராத்திரி வீட்டில் கோர்ட் கூடும். "பாவம், வாயில்லா ஜீவன். அதுக்குப் போய் இதெல்லாமா?" என்பார் பாட்டி. "இயற்கைக்கு விரோதம்" என்பார் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர். "அதுக்கு வலிக்குமா?" என்று குழந்தை கேட்கும். அந்த வீட்டில் அன்றைக்கு முயலைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் அந்தக் குழந்தைதான்.

காளைக்குக் காயடித்தபோது நாம் யாரும் தத்துவம் பேசியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஏர் உழவும் வண்டி இழுக்கவும் சாதுவான மாடு வேண்டும். அதனால் காலைக் கட்டிக் கீழே தள்ளி, இடுக்கியால் நசுக்கினார்கள். மயக்க மருந்து என்ற பேச்சே கிடையாது. 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டமே, விதித்த முறைப்படி காயடிப்பது வதை ஆகாது என்று விலக்கு கொடுத்திருக்கிறது. மாட்டுக்கு வராத கேள்வி முயலுக்கு மட்டும் ஏன் வருகிறது? அது சோபாவில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன். காரணம் எதுவாக இருந்தால் என்ன, கேள்வி வந்தது நல்லதுதான்.

'கருத்தடை' என்ற சொல்லுக்கும் நம் ஊரில் ஒரு பழைய கசப்பு உண்டு. எமர்ஜென்சி காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போன கதைகளெல்லாம் உண்டு. 'உன் நன்மைக்குத்தான்' என்று சொல்லிக்கொண்டு இன்னொருவர் உடம்பில் கத்தி வைப்பதை அதற்குப் பிறகு நம்மால் சந்தேகப்படாமல் பார்க்க முடிவதில்லை. பாட்டியின் "பாவம்" என்பதில் அதுவும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

சரி, இயற்கை என்கிறாரே பேப்பர்காரர், அதற்கு வருவோம். தமிழில் எல்லாவற்றுக்கும் முயல் என்ற ஒரே சொல்தான். ஆனால் நம் காட்டு முயல் வேறு, கடையில் வாங்கும் முயல் வேறு. நம்முடையது வளை தோண்டாது. புதரடியில் குட்டி போடும், குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும். அதை வீட்டில் வைத்திருந்தால் வனத்துறை வந்துவிடும். பால்கனியில் இருப்பது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து ஜாதியிலிருந்து வந்தது. மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். நரி, கழுகு, கீரி இனங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் சாப்பாடு. முக்கால்வாசி தின்னப்பட்டுவிடும் என்ற கணக்கில்தான் அது 31 நாளில் குட்டி போடுகிறது. போட்ட அன்றைக்கே மறுபடி கருத்தரிக்கவும் முடிகிறது. தின்ன ஆளில்லாத இடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார், வேட்டையாடி விளையாட இங்கிலாந்திலிருந்து இரண்டு டஜன் முயல்களை வரவழைத்தார். 50 ஆண்டுகளில் அவை கண்டத்தின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டன. கடைசியில் 1950-ல் அரசாங்கமே கொல்லும் வைரஸைப் பரப்பிவிட வேண்டியதாயிற்று.

நரியை எடுத்துவிட்டோம். வளையை எடுத்துவிட்டோம். கூட்டத்தை எடுத்துவிட்டோம். மூன்றாவது மாடியில் கம்பிக்கூண்டு வைத்துவிட்டோம். இவ்வளவையும் செய்துவிட்டு, கர்ப்பப்பையை மட்டும் சுட்டிக்காட்டி 'இது இயற்கை, தொடக்கூடாது' என்றால் எப்படி?

தனியாக வளரும் பெண் முயல் சில சமயம் ஒரு காரியம் செய்யும். பார்த்திருக்கிறீர்களா? ஆண் வாசனையே இல்லாத வீட்டில் திடீரென்று தன் வயிற்று முடியை வாயால் பிடுங்க ஆரம்பிக்கும். கிழிந்த பேப்பர், வைக்கோல், துணி என்று கிடைத்ததையெல்லாம் வாயில் கவ்விக்கொண்டு ஒரு மூலைக்கு ஓடும். முடியையும் வைக்கோலையும் சேர்த்து மெத்தென்று ஒரு கூடு கட்டும். யாராவது கிட்டே போனால் உறுமும், கடிக்கும். பொய்க் கர்ப்பம். இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், பிறகு அடங்கிவிடும். வராத குட்டிகளுக்காக வயிறு வெளுக்க முடியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அதைப் பார்த்த பிறகு, 'அதை அது போக்கில் விட்டுடுங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அப்படின்னா ஒரு தடவை தாயாகட்டுமே?" என்று கேட்பீர்கள். தாய்மை ஏக்கம் என்பது நாம் அதன் மேல் போர்த்தும் புடவை. முயல் தாய் ஒரு நாளைக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை, சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டு விலகிப் போய்விடும். மற்ற நேரத்தில் கூட்டுப் பக்கமே தலைகாட்டாது. அதற்கு அதுதான் பாசம். வாசனை பிடித்து எதிரி வந்துவிடக் கூடாதே. சரி, குட்டி பிறந்துவிட்டது. ஆறோ ஏழோ. யாருக்குக் கொடுப்பீர்கள்? கடையில் விட்டால் வாங்குகிறவர் வளர்க்கத்தான் வாங்குகிறார் என்று யார் சொன்னது? நம் ஊரில் அதே முயல் இறைச்சிக்காகவும் பண்ணைகளில் வளர்கிறது. தெருநாய் விஷயம் வேறு. அங்கே முடிவு ஊருடையது. சென்னை மாநகராட்சி 1996-ல் கொல்வதை விட்டுவிட்டுக் கருத்தடைக்கு மாறியது. முயலுக்கு மாநகராட்சி கிடையாது. நீங்கள்தான்.

இப்போது கத்திக்கு வருவோம், ஏனென்றால் பயம் நியாயமானது. பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2008-ல் வெளியானது. மயக்க மருந்து கொடுத்த ஆரோக்கியமான நாய்களில் 10,000-க்கு 5 இறந்தன. ஆரோக்கியமான முயல்களில் 10,000-க்கு 73. பெரிய வித்தியாசம்தான். முயலை அதிகம் பார்த்திராத கையில் அந்த எண்ணிக்கை இன்னும் ஏறும். மறுபக்கம், ஆபரேஷன் செய்யாத பெண் முயலுக்கு வயதாக ஆகக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வருகிறது. இனத்துக்கு இனம், ஆய்வுக்கு ஆய்வு அளவு மாறும். சில ஆய்வுகளில் வயதான முயல்களில் பாதிக்கும் மேல். குறைவாகச் சொல்லும் ஆய்வை எடுத்துக்கொண்டாலும் அந்த நூற்றில் ஒன்றைவிடப் பல மடங்கு.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் மனசு ஏன் தயங்குகிறது? மேஜையில் செத்தால் 'நான் கொன்றுவிட்டேன்'. ஐந்து வயதில் கட்டி வந்து, மூச்சு வாங்கி, மூலையில் ஒடுங்கிச் செத்தால் 'அதன் விதி'. முதலாவதில் நம் கையெழுத்து இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. வித்தியாசம் நமக்குத்தான், முயலுக்கு அல்ல. கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குத் திரும்புவதும் அதன் உடம்பைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவுதான். அதற்குப் படிவம் இல்லை, அவ்வளவே.

அதற்காக, டாக்டர் சொன்னதும் சந்தோஷமாக ஓடுகிறவர்களை நம்பிவிடவும் நான் தயாரில்லை. ஆண் முயலுக்கு ஆபரேஷன் சின்னது. வயிற்றைத் திறக்க வேண்டாம். அது சுவரில் சிறுநீர் பீய்ச்சுவது குறையும், நம் காலைச் சுற்றிச் சுற்றி வருவது குறையும். லாபம் பெரும்பாலும் நமக்கு. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். செலவும் ஆபத்தும் அதிகம். தனியாக இருக்கும் பெண் முயலால் வீட்டுக்குப் பெரிய தொல்லையும் இல்லை. லாபம் அநேகமாக முழுவதும் அதற்கு. நான் பார்த்த வீடுகளில் ஆணுக்கு உடனே நடக்கிறது, பெண்ணுக்கு 'பார்க்கலாம்' என்று தள்ளிப்போகிறது. மனிதர்களில் இது அப்படியே தலைகீழ். ஆண்களுக்குத்தான் சுலபமான ஆபரேஷன். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண் கருத்தடை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3 சதவீதம். முயலிலும் சரி, மனிதரிலும் சரி, முடிவெடுக்கிறவருக்கு எது தொந்தரவில்லையோ அதுதான் 'நல்லது' என்ற பெயரில் நடக்கிறது.

ஆகவே தனி ஆண் முயல் வைத்திருப்பவர்களே, சுவர் நாறுகிறது என்பதற்காக மட்டும் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள். அதற்கு ஒரு துணை கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது லாபம் அதற்கும் உண்டு. (ஆபரேஷன் ஆன பிறகும் நாலிலிருந்து ஆறு வாரம் ஆண் முயலால் குட்டி தர முடியும். அவசரப்பட்டு ஒன்றாக விடாதீர்கள்.) கத்தியே வேண்டாம், ஆயுசுக்கும் தனித்தனிக் கூண்டில் வைத்துவிடுகிறேன் என்பவர்களும் உண்டு. ரத்தம் வந்தால்தான் காயம் என்று நினைப்பவர்கள் அவர்கள். கூட்டத்துக்குப் பிறந்த பிராணியை எட்டுப் பத்து வருஷம் தனியே அடைப்பது எனக்கென்னவோ கத்தியைவிடச் சின்னதாகத் தெரியவில்லை.

கேரி ஃபிரான்சியோன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வளர்ப்புப் பிராணி என்ற ஏற்பாடே தப்பு. இருப்பவற்றைக் கடைசிவரை அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள், புதிதாக ஒன்றுகூடப் பிறக்க விடாதீர்கள் என்கிறார். மிருக உரிமைக்காக இவ்வளவு கடுமையாகப் பேசுகிற மனிதரே கருத்தடை பக்கம் நிற்பது வேடிக்கைதான். அவ்வளவு தூரம் என்னால் போக முடியாது. முயலும் குழந்தையும் ஒரே தரையில் படுத்துக்கிடப்பதைப் பார்த்தவனால் அது முடியாது.

பெண் முயல் என்றால் செய்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. ஆனால் டாக்டரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: "முந்தின ராத்திரி பட்டினி போடணுமா சார்?" நாய்க்கும் பூனைக்கும் போட வேண்டும், மயக்கத்தில் வாந்தி எடுத்துவிடும் என்பதால். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அதுவே உயிருக்கு ஆபத்து. "ஆமாம், ராத்திரியே நிறுத்திடுங்க" என்று அவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு டாக்டரைத் தேடுங்கள். "கூடவே கூடாது, காலையிலகூட புல் குடுங்க, வலி மருந்து எழுதித் தர்றேன்" என்றால் நாள் குறிக்கலாம். அன்றைக்கும் மறுநாளும் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிடுங்கள். வலியை முயல் வெளியே காட்டாது. தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.