விற்ற பொருளில் விற்றவரின் கை

பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர் முதலியவற்றைப் பழுது பார்த்து விற்கும் சகோதரர் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்து ஒரு மஸ்அலா கேட்டார்.

"ஹஜ்ரத், ஒரு பழைய பிரிண்டரைச் சுத்தம் செய்து, வேறு கம்பெனியார் செய்த மலிவான கார்ட்ரிட்ஜைப் போட்டு ஒருவருக்கு விற்றேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் அதுவாகவே இன்டர்நெட்டிலிருந்து எதையோ இறக்கிக்கொண்டது. மறுநாள் முதல் அந்தக் கார்ட்ரிட்ஜை ஏற்க மாட்டேன் என்கிறது. வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். நான் கொடுக்கத்தான் வேண்டுமா?"

இது சிறிய வழக்கு என்றே முதலில் நினைத்தோம். பொருள் வாங்கியவரின் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்த குறைக்கு விற்றவர் பொறுப்பல்லர் என்று சொல்லி அனுப்பிவிட நா எழுந்தது. ஆனால், விசாரிக்க விசாரிக்க, இந்த வழக்கில் மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பது புலனாயிற்று. அவர் விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர். அந்தப் பிரிண்டரை ஆதியில் செய்தவர். பல ஆண்டுகளுக்கு முன் அதற்குரிய விலையை வாங்கிக்கொண்டு போனவர், இன்றும் தாம் இருக்கும் இடத்திலிருந்தே கையை நீட்டி, பிறருடைய வீட்டிலிருக்கும் பொருளின் குணத்தை மாற்றுகிறார். இதற்கு அவருக்கு ஹக்கு உண்டா என்பதே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

நாம் கம்ப்யூட்டர் கல்வி பயின்றவர் அல்லோம். தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டறிந்ததையே எழுதுகிறோம். இக்காலத்துக் கருவிகள் பலவற்றில் இரும்பும் பிளாஸ்டிக்கும் மட்டும் இல்லை. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கட்டளைத் தொகுப்பு ஒன்றும் உள்ளே பதிந்திருக்கிறது. அதை ஃபர்ம்வேர் என்கிறார்கள். அதில் பிழை இருந்தால், கருவியைச் செய்தவர் திருத்திய தொகுப்பை அனுப்புவார், அதுவே அப்டேட். திருடர் நுழையக்கூடிய ஓட்டைகளும் இவ்வாறே அடைக்கப்படுகின்றன. ஆகவே அப்டேட் என்பது இயல்பில் நன்மையான காரியமே. அதை ஏற்பவர், அனுப்பியவரை நம்பி, தம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல் கொடுக்கிறார். சாவியைக் கையில் வாங்கியவர் அமானத்தைச் சுமக்கிறார் என்பதில் ஐயமில்லை.

இனி, நடந்த ஒரு செய்தியைப் பார்ப்போம். 2016 செப்டம்பர் 13 அன்று, எச்பி கம்பெனியின் ஆபீஸ்ஜெட் வகைப் பிரிண்டர்கள் பல, பிற கம்பெனியாரின் கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் நிராகரிக்கத் தொடங்கின. முந்தைய நாள் வரை அதே கார்ட்ரிட்ஜ்கள் பழுதின்றி அச்சடித்துக் கொண்டிருந்தன. அன்று புதிதாக ஒன்றும் நேரவில்லை. அதற்கான கட்டளை மாதங்களுக்கு முன்பே உள்ளே சென்று, நாள் வரட்டும் என்று உறங்கிக் கிடந்தது. கார்ட்ரிட்ஜில் ஒரு சிறிய சிப் உண்டு. அந்தச் சிப் தம்முடையது அல்லவென்று கண்டால் வேலை செய்யாதே என்பதே அந்தக் கட்டளை. இதற்கு அவர்கள் சூட்டிய பெயர், மாறும் பாதுகாப்பு என்று பொருள்படுவது.

பிரிண்டரின் சிறு திரையில் அப்போது தோன்றிய வாசகந்தான் நம் மனத்தை அதிகம் உறுத்தியது. 'இது எங்கள் கார்ட்ரிட்ஜ் இல்லை. ஆகவே தடுத்திருக்கிறோம்' என்று அது உள்ளதைச் சொல்லவில்லை. கார்ட்ரிட்ஜில் கோளாறு, அது பழுதாகியிருப்பதாகத் தெரிகிறது, வேறு புதிதாகப் போடுங்கள் என்ற கருத்துப்படச் சொல்லிற்று. பழுது ஏதுமில்லாத பொருளைப் பழுது என்றது. உயிரற்ற கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்படியானால் அந்தப் பொய் யாருடைய ஏட்டில் எழுதப்படும்?

மதீனாவின் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நம் வீடுகளில் குழந்தைகளும் அறிவார்கள். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்தது வியாபாரியின் குற்றம் அன்று. நனைந்ததை அடியில் வைத்ததே குற்றம். பாதுகாப்புக்கான திருத்தம் என்று மேலே எழுதி, அதன் அடியில் போட்டிக் கம்பெனிக்காரரின் சரக்கைத் தடுக்கும் கட்டளையை வைப்பவருக்கு இந்த நிகழ்ச்சி பொருந்தாதா?

அதே செப்டம்பர் 28ஆம் நாள் அந்தக் கம்பெனியார் வருத்தம் தெரிவித்தார்கள். மக்களுக்குச் சரியாக அறிவிக்காமல் போனதற்கே வருத்தம்; செய்த காரியத்துக்கு அன்று. விரும்பினால் அந்தத் தடையை நீக்கிக்கொள்ள வேறு ஃபர்ம்வேர் தருவதாகவும் கூறினார்கள். ஆனால், இந்த முறையை இனியும் கையாளுவோம் என்பதையும் மறைக்கவில்லை. அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டுச் சமரசமாக முடிந்தது. இத்தாலி நாட்டின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. வாங்குபவருக்கு இந்தக் கட்டுப்பாட்டை முறையாகத் தெரிவிக்கவில்லை என்பது அங்கே கூறப்பட்ட காரணங்களில் முக்கியமானது.

கம்பெனியார் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. அதையும் கேட்க வேண்டும். பிரிண்டரை லாபமின்றியோ நஷ்டத்திலோ விற்று, மையில்தான் பிழைக்கிறோம். நீங்கள் மையை வேறிடத்தில் வாங்கினால் எங்கள் கதி என்ன என்கிறார்கள். 2024 ஜனவரியில் அதன் அப்போதைய தலைமை நிர்வாகி, தங்கள் மையை வாங்காத வாடிக்கையாளர் தங்களுக்கு நஷ்டமான முதலீடு என்ற கருத்தை ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே கூறினார். ஒளிக்காமல் சொன்ன வரையில் அது நல்லதே. ஆனால், முதலீடு செய்தவர் இவராக இருக்க, வாங்கியவர் எப்படிக் கடனாளி ஆவார்? விலை சொன்னார், கொடுத்தோம், கொண்டு வந்தோம். குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று பின்னால் வந்து வீட்டுக் கதவைத் தட்ட எந்த வியாபாரிக்கும் வழியில்லை. விலை போதாதென்றால் கூட்டிச் சொல்லியிருக்கலாமே!

நிபந்தனையை முன்கூட்டிச் சொல்லி விற்றவர் வழக்கும் ஒன்று உண்டு. லெக்ஸ்மார்க் என்ற மற்றொரு பிரிண்டர் கம்பெனி, தன் டோனர் கார்ட்ரிட்ஜை இரண்டு விதமாக விற்றது. முழு விலை கொடுத்தால் எந்த நிபந்தனையும் இல்லை. ஏறத்தாழ 20 சதவீதம் குறைத்து வாங்கினால், ஒரே முறைதான் பயன்படுத்த வேண்டும். காலியானதை எங்களைத் தவிர யாருக்கும் கொடுக்கக்கூடாது. காலியானவற்றை வாங்கி நிரப்பி விற்றவர்கள் மீது அது வழக்குப் போட்டது. 2017 மே 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொருளை விற்றதோடு காப்புரிமைக்காரரின் உரிமை அந்தப் பொருளில் தீர்ந்துவிடுகிறது என்று தீர்ப்பளித்தது. பழைய கார்களைச் சீர் செய்து விற்கும் கடையைத் தலைமை நீதிபதி உதாரணம் காட்டினார். ஒவ்வொரு உதிரி பாகத்தைச் செய்தவரும் விற்ற பிறகும் உரிமை கொண்டாட வந்தால், அந்தக் கடை நடப்பது எப்படி?

விற்பனையில் நிபந்தனை விதிப்பது பற்றி நம் இமாம்களிடையே விரிவான கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் இங்கே புகவில்லை. ஆனால், அவர்கள் விவாதித்தது ஒப்பந்த நேரத்தில் இருவர் காதிலும் விழுந்த நிபந்தனையைப் பற்றி. லெக்ஸ்மார்க் செய்தது அந்த வகையாவது. பேரம் முடிந்து, பணம் கைமாறி, பொருள் வீடு வந்து சேர்ந்து, ஓர் இரவில் தானாக நுழையும் நிபந்தனையைப் பற்றி விவாதிக்க அவர்களுக்கு அவசியமே ஏற்படவில்லை.

இதைவிடக் கடினமான வழக்கு 2014இல் நடந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எஃப்டிடிஐ என்ற கம்பெனி, பழைய வகைக் கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யுஎஸ்பி கேபிள்களுக்குள் இருக்கும் ஒரு சிப்பைச் செய்கிறது. அதைப் போலவே போலிச் சிப்புகள் செய்து, அதன் பெயரையே பொறித்துப் பலர் விற்றார்கள். அது திருட்டுத்தான், மறுப்பதற்கில்லை. அந்த ஆண்டு, விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் புதிய டிரைவர், போலிச் சிப்பைக் கண்டதும் அதற்குள் இருக்கும் அடையாள எண்ணை அழித்துப் பூஜ்யமாக எழுதிவிட்டது. அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அந்தக் கேபிள் இன்னதென்று தெரியாது. விஷயம் அறிந்தவர் தனிக் கருவி கொண்டு சரி செய்தாலன்றிச் செத்தது செத்ததுதான். கூக்குரல் எழவே அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது.

இங்கே தண்டிக்கப்பட்டவர் யார்? போலி செய்தவன் பணத்தை வாங்கிக்கொண்டு என்றோ போய்விட்டான். கேபிளைக் கடையில் வாங்கி, தன் பட்டறை மெஷினிலோ எடை போடும் கருவியிலோ மாட்டியவருக்கு உள்ளே இருக்கும் சிப் அசலா போலியா என்று தெரிய வழியே இல்லை. ஒருவன் சுமையை மற்றொருவன் தலையில் ஏற்றக் கூடாது என்பது நமக்குப் போதிக்கப்பட்ட அடிப்படை. போலிச் சிப்புக்கு என் டிரைவர் வேலை செய்யாது என்று அந்தக் கம்பெனி ஒதுங்கியிருந்தால், அது அதன் உரிமை என்றே சொல்லியிருப்போம். பிறர் உடைமைக்குள் கை விட்டு அழித்தது வேறு காரியம். உதவாமல் இருப்பதற்கும் உடைப்பதற்கும் இடையே இருக்கும் தூரத்தைக் கோபம் கொண்டவர்கள் பார்ப்பதில்லை. (2016இல் வந்த டிரைவர் உடைக்கவில்லை, கருவிக்குப் போகும் செய்தியின் இடையில், இது அசல் அல்ல என்ற வாசகத்தைக் கலந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்குக் கட்டளைக்குப் பதிலாக அது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார்களோ என்னவோ!)

பழையதை என்றைக்கும் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆப்பிள் கம்பெனி 2019 அக்டோபரில் வெளியிட்ட கேட்டலினா என்ற பதிப்பில், பழைய 32 பிட் மென்பொருள்கள் யாவும் நின்றுபோயின. அவற்றை நம்பியிருந்த பழைய ஸ்கேனர்கள் பல உபயோகமற்றுப் போயின. நஷ்டம் நஷ்டமே. ஆயினும், 2017இலேயே அறிவித்தார்கள். 2018 முதல் பழைய மென்பொருளைத் திறக்கும்போது திரையிலேயே எச்சரித்தார்கள். வேண்டாதவர் பழைய பதிப்பிலேயே இருந்துகொள்ள இடமிருந்தது. ஸ்கேனரை இழந்தவர் வருந்தலாம். ஏமாற்றப்பட்டேன் என்று சொல்ல முடியாது.

கார்ட்ரிட்ஜ் போனதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. 2016 நிகழ்ச்சியின்போதே அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் அதைச் சுட்டிக்காட்டியது. ஒரு முறை கடிபட்டவர் அடுத்த அப்டேட்டை ஏற்க மாட்டார். அடைக்க வேண்டிய ஓட்டை அடைபடாமல் கிடக்கும். அந்த ஓட்டை வழியே திருடன் நுழைவது அவர் வீட்டில் மட்டுமா? ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எங்கும் இதே கருவிகள்தாம். சந்தையில் ஒருவர் ஈரத் தானியத்தை விற்றால், காய்ந்த தானியம் விற்பவரையும் மக்கள் சந்தேகிப்பார்கள். பொய்யான அப்டேட் ஒன்று மெய்யான அப்டேட்டுகளை எல்லாம் கெடுக்கிறது.

இனி நம் சகோதரரின் வழக்கு. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் ஒரு விதி உண்டு. வாங்கியவர் கைக்கு வந்த பின் தோன்றிய குறைக்காகப் பொருளைத் திருப்ப முடியாது. ஆனால் அந்தக் குறை, கைக்கு வருமுன்பே இருந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்ததாயின் கணக்கு வேறு. இங்கே குறை தோன்றியது மூன்று மாதம் கழித்து. ஆனால், செய்தவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எந்த நாளும் மாறக்கூடிய தன்மை, விற்ற அன்றே அந்தப் பிரிண்டருக்குள் இருந்தது. விற்றவருக்கு அது தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. விற்றவர் அறியாத குறையும் குறைதானே! இதைச் சொன்னபோது சகோதரரின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் குற்றம் செய்தவர் எங்கோ இருக்க, அடி என் மேலா ஹஜ்ரத்?" என்றார். நம்மால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இதைத் தீர்ப்பாக விதிக்க நாம் காஜி அல்லோம் என்றும், இருவரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொள்வது நலம் என்றும் கூறி அனுப்பினோம். நஷ்டத்தை ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொண்டதாகப் பிறகு தெரிவித்தார்.

இனி விற்கும் பிரிண்டர்களில் அப்டேட்டை நிறுத்திவிட்டே விற்கட்டுமா என்றும் அவர் கேட்டிருந்தார். நிறுத்தினால் ஓட்டை அடைபடாது. நிறுத்தாவிட்டால் கார்ட்ரிட்ஜ் ஒரு நாள் நின்றுபோகலாம். இரண்டையும் வாங்குபவரிடம் சொல்லி, அவர் கேட்கிறபடி செய்து கொடுங்கள் என்றோம். சென்ற வாரம் ஒரு சீட்டை எழுதிக்கொண்டு வந்து, எழுத்துப் பிழை பார்த்துத் தரும்படி கேட்டார். நான்கு வரிதான். மூன்றாம் வரியில், நிறுத்தினால் வரும் கேட்டை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.