வலிக்காதவருக்கு ஏது நேர்த்திக்கடன்?

ஆடியில் சேலத்து மாரியம்மன் கோயில்களிலும் ஐப்பசியில் ராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயிலிலும் தீ மிதிக்கிறவர்களைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஆத்தா காலைச் சுடாமல் காக்கிறாள் என்பது ஒன்று. சாம்பல் பூத்த கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் படுவதோ நொடிக்கும் குறைவு, இதில் அருள் எங்கே வந்தது என்பது மற்றொன்று. 1971 ஜனவரியில் பெரியார் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்திய ஊர் சேலம். கடவுள் இல்லை என்று முழங்கியபடி முதுகில் அலகு குத்திக் கார் இழுக்கும் திராவிடர் கழகத்தாரையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அற்புதம் உண்டா என்ற வழக்கில் அவர்கள் பக்கமே தீர்ப்பு. ஆனால் நேர்த்திக்கடன் அற்புதத்தை நம்பியா நிற்கிறது?

அது நிற்பது வலியின்மேல் என்றால், வலி உடம்பில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். அலகு தோலைத் துளைத்ததும் செல்சவ்வின் சோடியம் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் அயனிகள் உள்ளே பாய, மின்னழுத்தம் கணநேரம் தலைகீழாகிறது. பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புவதற்குள் அடுத்த வாயில்கள் திறந்துவிடும். இப்படியே இந்த மின் அலை தண்டுவடம் நோக்கி ஓடும். உடலியல் ஆய்வாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெரிய நரம்பிழையில் அளந்து 1952-ல் வெளியிட்ட இந்தக் கணக்கு பக்தருக்கும் நாத்திகருக்கும் ஒன்றுதான். வாயில் வேலை செய்யாவிட்டால்? வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் கையில் கத்தி செருகியும் கங்கில் நடந்தும் தெருவில் வித்தை காட்டினான். 14 வயது நிறையுமுன் கூரையிலிருந்து குதித்து இறந்தான். அவனைப் போல வலியே அறியாதவர்களை ஆராய்ந்தவர்கள் 2006-ல் காரணம் சொன்னார்கள்: வலி நரம்புகளில் உள்ள ஒருவகை சோடியம் வாயிலை உருவாக்கும் மரபணுவில் பழுது. அந்தப் பிள்ளை மிதித்த நெருப்பை எந்தச் சாமியின் கணக்கிலும் வரவு வைக்க முடியாது. சுடும் என்று அறிந்து இறங்குகிறவரிடம்தான் கொடுக்க ஏதோ இருக்கிறது.

மிதித்தவர்களே வலிக்கவில்லை என்கிறார்களே என்று கேட்கலாம். பொய்யில்லை. வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்த முடியும் என்று வலி ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965-ல் சொன்னார்கள்; மூளை மேலிருந்து அனுப்பும் கட்டளையும் உடம்பே சுரக்கும் வலிதணிப்பானாகிய எண்டார்ஃபினும் அதைச் செய்வது பின்னர் தெரிந்தது. அப்படியானால் அருள் என்பதே எண்டார்ஃபின்தானா? கார் இழுக்கும் நாத்திகருக்கும் அதே சுரப்பு கைகொடுக்கும் என்பதால் அது அம்மனுக்குச் சாட்சியாகாது; எதிர்ச்சாட்சியும் ஆகாது. இதைவிடக் கடினமான கேள்வி, வலி தணிந்துவிட்டால் கொடுத்ததும் குறைந்துபோகாதா என்பது. தணிப்பு வருவது பறையும் குலவையும் சூழ, நெருப்பின் முன் நிற்கும்போது. பிள்ளை காய்ச்சலில் கிடக்க, தீ மிதிக்கிறேன் தாயே என்று தாய் வேண்டிக்கொண்ட இரவில் அவள் உடம்பில் அந்தத் தணிப்பு எதுவும் இல்லை.