கண்ணன் செய்த மாயப்போர்: ஆச்ரித பக்ஷபாதமும் நம் சூதும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியில், கண்ணன் பிறந்தபடியையும், வளர்ந்தபடியையும், பாரதப் போரில் ஐவருக்கு வெல்லும் வகைகளைக் காட்டிக்கொடுத்தபடியையும் நம்மாழ்வார் நினைக்கிறார். அம்மாயச் செயல்கள் தம் நெஞ்சினுள் புகுந்து ஆவியை உருக்குவதாக அருளிச்செய்கிறார். ஆழ்வாரை உருக்கிய அதே செயல்கள்தாம் இன்று பலரை இடறச் செய்கின்றன. “வெல்வதற்காக முறைதவறிப் போர் செய்வித்தவனை எப்படிப் பரம்பொருளாகக் கொள்வது?” என்று நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்பவரை அதட்டுவது விடையாகாது.

இக்குற்றச்சாட்டு புதிதன்று. பதினெட்டாம் நாள் தொடை முறிந்து வீழ்ந்து கிடந்த துர்யோதனனே கண்ணனை நோக்கி இதைச் சொன்னான். சிகண்டியை முன்னிறுத்திப் பீஷ்மரை வீழ்த்தியது, அச்வத்தாமா என்னும் யானையின் பெயரால் த்ரோணரை ஆயுதம் கீழே வைக்கச் செய்தது, தேர்ச்சக்கரம் புதைந்து நின்ற கர்ணனைக் கொல்வித்தது என்று அவன் வரிசையாக அடுக்கினான். அப்போது வானிலிருந்து பூமாரி பொழிந்தது அவன்மேல். பாண்டவர்கள் நாணித் தலைகுனிந்தார்கள். வேதவ்யாஸர் இதை மறைக்கவில்லை. பதினான்காம் நாள் ஜயத்ரதனைக் கொல்வதற்காகக் கதிரவன் மறைக்கப்பட்டதைப் பெரியாழ்வாரும் மறைக்கவில்லை. அரசர்கள் நாழிகையை எண்ணிக்கொண்டு நின்ற அவர்கள் கண்முன்னே இது நிகழ்ந்ததென்று அனுபவித்துப் பாடுகிறார். மஹர்ஷியும் ஆழ்வாரும் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

துர்யோதனனுக்குக் கண்ணன் உடனே ஒரு விடை சொன்னான். அரக்கு மாளிகை, சூதாட்டம், த்ரௌபதியைச் சபையில் இழைத்த அவமானம், தனியனாய் நின்ற அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றது ஆகியவற்றின் பயனே இது என்றான். இது துர்யோதனனுக்கு ஏற்ற விடை. நமக்கு இது மட்டும் போதாது. பிறர் செய்த அதர்மம் நம் அதர்மத்துக்கு அநுமதியாகுமானால் உலகில் தர்மத்துக்கு இடமே இராது. ஆகவே வேறொன்றைக் காண வேண்டும்: சூது யாருக்காகச் செய்யப்பட்டது, அதன் விலையைக் கொடுத்தவர் யார்?

சகுனியின் சூது பிறர் பொருளைப் பறிப்பதற்காக எழுந்தது. கண்ணனோ அப்போரில் தனக்கென ஒரு பிடி மண்ணும் பெறவில்லை. போரைத் தவிர்க்கத் தூது நடந்தான். அங்கே அவனைக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். ஆயுதம் எடேன் என்று முன்பே சொல்லியிருந்தபடி, அடியவனுக்குக் குதிரை ஓட்டினான். ஸர்வேச்வரன் ஏறிய தட்டு தேரோட்டியின் தட்டு.

அந்த உறுதிமொழி என்னவாயிற்று? பீஷ்மர்மேல் கொண்ட மதிப்பால் அர்ஜுனன் தளர்ந்து போரிட்டான். பீஷ்மரின் அம்புகளால் சேனை அழிந்தது. மூன்றாம் நாள் திருவாழியை ஏந்தியும், ஒன்பதாம் நாள் சாட்டையோடும் கண்ணன் தேரிலிருந்து குதித்து ஓடினான். அவனை ஆயுதம் எடுக்கச் செய்வேன் என்று பீஷ்மர் சூளுரைத்திருந்ததாகவும், தன் வார்த்தையைப் பொய்யாக்கிப் பீஷ்மரின் வார்த்தையை மெய்யாக்கவே அவன் ஓடிவந்ததாகவும் ஸ்ரீபாகவதம் காட்டுகிறது. பீஷ்மர் நின்றது எதிரிப்படையில்! எதிரே நின்றாலும் அடியவன் சொல் பழுதாகக் கூடாது; அதற்காகத் தன் சொல் பழுதானாலும் குறையில்லை. வெல்வதற்காகச் சூது செய்பவன் இப்படித் தோற்பானோ? இதனையே ஆச்ரித பக்ஷபாதம் என்கிறோம். இராமனாய்ச் சொன்ன மெய்யையும் கண்ணனாய்ச் சொன்ன பொய்யையும் நம் பூர்வர்கள் ஒருசேரத் தஞ்சமாகப் பற்றியது இதனாலேயே.

விலையும் அவனே கொடுத்தான். திருவல்லிக்கேணியில் மூலவர் வேங்கடகிருஷ்ணன் திருவாழி இன்றிச் சங்கோடு நிற்கிறான். உத்ஸவர் பார்த்தஸாரதியின் திருமுகத்தில், பாரதப் போரில் பட்ட அம்புகளின் வடுக்களை இன்றும் ஸேவிக்கிறோம். காந்தாரி, முப்பத்தாறாம் ஆண்டில் உன் குலமும் அழியும் என்று சபித்தபோது அவன் மறுக்கவில்லை, புன்னகையோடு ஏற்றான். பழியும் புண்ணும் சாபமும் தனக்கு, ராஜ்யம் அடியவர்க்கு.

இனி, அவன் செய்ததை நாமும் செய்யலாமா? இங்கேதான் பெரும் அபாயம் உள்ளது. இதற்கு உதாரணம் அச்வத்தாமா. துர்யோதனன் வீழ்ந்த இரவில், உறங்குவோரைக் கொல்லத் துணிந்த அவனைக் க்ருபாசார்யர் தடுத்தார். பாண்டவர்களே தர்மத்தின் கரையை உடைத்துவிட்டார்கள். பின் எனக்கென்ன தடை என்பது அவன் வாதம். அவ்விரவிலேயே த்ரௌபதியின் ஐந்து புதல்வர்களும் உறக்கத்தில் மாண்டார்கள். கண்ணனின் செயலிலிருந்து சூதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உள்ளே இருந்த காருண்யத்தை விட்டவன் அடைந்த இடம் அது. “அவர்கள் செய்தார்கள், நானும் செய்தேன்” என்று பங்காளி வழக்கிலும், அலுவலகத்திலும், ஏன், கோயில் கைங்கர்யப் போட்டியிலும்கூட நாம் சொல்லும்போது, நம் வாயிலிருந்து வருவது கண்ணனின் வார்த்தையன்று, அச்வத்தாமாவின் வார்த்தை.

தர்மபுத்ரரின் நிலையும் நமக்குப் பாடம். அச்வத்தாமா இறந்தான் என்பதை உரக்கச் சொன்னார். யானை என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். அதுவரை நிலத்தைத் தொடாமல் நான்கு அங்குலம் உயர்ந்து சென்ற அவர் தேர் மண்ணில் இறங்கியது. பின்னாளில் அவர் நரகத்தைக் கண்ணால் காண நேர்ந்ததற்கு, த்ரோணரை வஞ்சித்ததே காரணம் என்கிறது பாரதம். எம்பெருமான் சொல்லியும் தயங்கியதே காரணம் என்பர் நம் பெரியோர். இரண்டும் ஒரே இடத்தைத் தொடுகின்றன. வெற்றியும் வேண்டும், மெய்யன் என்ற பெயரும் வேண்டும் என்றிருந்தார் அவர். முழு மெய்யிலும் நிற்கவில்லை. முழுச் சரணாகதியிலும் நிற்கவில்லை. நம்முடைய பொய்களில் பெரும்பாலானவை இப்படித் தாழ்ந்த குரலில் சொல்லப்படுபவையே.

எம்பெருமானார் கீதாபாஷ்யத்தில் ஸத்யம் என்பதற்குக் கண்டதைக் கண்டபடியும், உயிர்களுக்கு நன்மையாகவும் சொல்வது என்று பொருள் அருளினார். நாம் இரண்டில் ஒன்றையும் விட இயலாது. எது யாருக்கு நன்மை என்று முழுதும் அறியும் ஞானம் நமக்கில்லை. அனைத்துயிர்க்கும் உள்ளே நின்று அறிபவன் அவன் ஒருவனே.

இதற்குச் சான்றும் பாரதத்திலேயே உள்ளது. அச்வத்தாமாவின் அஸ்த்ரத்தால் உத்தரையின் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. குருகுலத்தின் கடைசித் தளிர் அது. அப்போது கண்ணன், தான் விளையாட்டாகவும் பொய் சொன்னதில்லை என்பதையும், ஸத்யமும் தர்மமும் தன்னிடம் நிலைபெற்றிருப்பதையும் ஆணையாக வைத்து, குழந்தை பிழைக்கட்டும் என்றான். போர்க்களத்தில் பொய் சொல்வித்தவன் தன் மெய்யின்மேல் ஆணையிடுகிறான்! அந்த ஆணை பொய்யானால் குழந்தை எழாது. ஆனால் பரீக்ஷித் கண் விழித்தான். அவன் கேட்க ஸ்ரீபாகவதம் பிறந்தது.

ஆகவே பிள்ளைகள் கேட்கும்போது இப்படிச் சொல்வோம்: கண்ணனின் சூது நாம் கைக்கொள்ளும் வழியன்று, நாம் ஒதுங்கும் நிழல். நமக்கு விதித்தது மெய்யும் சரணாகதியும். நம்மைக் காக்கத் தன் பெயரையும் இழக்கத் துணிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று தெளிந்தவன், சிறிய வெற்றிகளுக்காகப் பொய்யை நாட மாட்டான்.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.
அடியேன் ராமாநுஜதாஸன்.