பயத்திற்கு முன்னுரை எதற்கு?

ஜப்பானியக் கேப்காம் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ என்னும் திகில் வீடியோ விளையாட்டு, எண்ணிட்ட பாகங்களும் கிளைக்கதைகளும் மறு ஆக்கங்களுமாகப் பல்கிப் பெருகிவிட்டபடியால், அதனுட் பிரவேசிக்க விரும்பும் புதியவரை முதலில் மருட்டுவது எங்கே தொடங்குவது என்ற சந்தேகமே. ஆரம்பத்திலிருந்து தொடங்குவதுதானே கிரமம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் எந்த ஆரம்பம்? கதைப்படி முதலில் நிற்கும் ‘ஜீரோ’ வெளிவந்தது 2002-இல். ஆறாண்டு முன்னரே வந்துவிட்ட முதல் விளையாட்டின் மாளிகைக் கதையோ, அதற்கு மறுநாள் நிகழ்வது.

கதைக் கிரமத்தை நம்பி ‘ஜீரோ’வில் இறங்குபவர், இக்கதைகளில் வரும் அம்பரெல்லா என்னும் கம்பெனியின் பூர்வ வரலாற்றையும் கொடிய கிருமி பிறந்த விதத்தையும் தெரிந்துகொண்டு, மர்மத்தின் விடையோடு மாளிகைக்கு வந்து சேருகிறார். அம்மாளிகையிலோ, பிணத்தின்மேல் குனிந்து தின்றுகொண்டிருக்கும் ஓர் உருவம் மெல்லத் தலையைத் திருப்பி நம்மை நோக்கும் அந்த ஒரு கணம், அது இன்னதென்று அறியாதவருக்கே முழுப் பயத்தையும் அளிக்கவல்லது. காமிரா அசையாது நிற்பதால், திருப்பத்துக்கு அப்பால் இருப்பதைக் காணுமுன் அதன் முனகலே செவியில் விழுகிறது. தட்டச்சு இயந்திரத்தில் மை நாடாவைச் செலவிட்டால்தான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும் என்பதும், அந்த நாடா அளவோடுதான் கிடைக்கும் என்பதும், முன்னே கிடப்பதை அறியாதவரையே நெஞ்சு பதற வைக்கும் ஏற்பாடுகள்.

ஆகவே, கதாநாயகனின் அறியாமையும் நம் அறியாமையும் சமமாயிருக்கும் இடமே தக்க வாசல் என்பது என் அபிப்பிராயம். பழைய ஆட்டத்தின் கரடுமுரடு பொறாதவர், முதல் விளையாட்டை இயக்கிய ஷின்ஜி மிகாமி அதே மாளிகையை 2002-இல் தாமே மீண்டும் அமைத்த பதிப்பில் நுழையலாம். அல்லது ஒன்றுமறியாத ஈதன் என்னும் கதாநாயகன் காணாமற்போன மனைவியைத் தேடி லூசியானாவுக்கு வரும் 2017-ஆம் ஆண்டின் ஏழாம் பாகத்தில் நுழையலாம்.

உத்தியோகமாயினும் விவாகமாயினும், பூர்வோத்தரம் முழுவதையும் விசாரித்தறிந்த பிறகே காலெடுத்து வைப்பேன் என்று காத்திருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய ஜாக்கிரதையைக் குறை சொல்வதற்கில்லை என்றாலும், புதுமையின் ரஸத்தை அவர்கள் விசாரணையிலேயே செலவழித்துவிடுகிறார்கள். ஞானத்தைப் பிறகும் சம்பாதித்துக்கொள்ளலாம். போன அறியாமை திரும்புவதில்லை. ‘ஜீரோ’ எங்கும் ஓடிவிடாது. மாளிகையில் நடுங்கிவிட்டு வந்தவருக்கு, தீர்ப்பான வழக்கின் கட்டுகளைப் பிரித்துப் படிப்பதுபோல் அது நிதானமாகச் சுவைக்கும்.